புதன்கிழமை இரண்டு நாற்பது முதல் மூன்று இருபது வரை

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு,

தம்பி வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். அங்கே நீ, அத்தான், அத்தானின் இடது முழங்கால் ஆகிய மூவரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான்கு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை என்று கோபித்து நீ போட்ட கடிதம் கிடைத்தது. "ரிட்டயர் ஆனவனுக்கு அப்படி என்னடா வேலை?" என்று கேட்டிருக்கிறாய். சொன்னால் நம்பமாட்டாய். நான் ஒரு பட்டப்படிப்பை உண்டாக்கிக்கொண்டிருந்தேன்.

சிரிக்காதே. பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவன் பல்கலைக்கழகத்துக்குப் படிப்பு செய்து கொடுக்கிறானா என்று நீ அத்தானிடம் சொல்லிச் சிரிப்பது இங்கே வரைக்கும் கேட்கிறது. நடந்தது இதுதான். பஸ் டெப்போவில் முப்பத்துநான்கு வருடம் டிரைவர், கண்டக்டர் எல்லோருக்கும் வேலை நேரப் பட்டியல் எழுதினேன் அல்லவா? ஓய்வு பெற்ற ஆறாவது மாதம் ஒரு பேராசிரியர் அம்மா டெப்போவுக்கு வந்து, "இந்த ஊரில் யாருக்கு எப்போது ஓய்வு என்று தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா?" என்று விசாரித்திருக்கிறார். அங்கே நின்றவர்கள் அத்தனை பேரும் ஒரே திசையில் கையைக் காட்டியிருக்கிறார்கள். அந்தத் திசையில் என் வீடு இருந்தது.

ஐம்பது வயது இருக்கும் அவருக்கு. தோளில் ஒரு துணிப்பை. எதைச் சொன்னாலும் "கற்பனை பண்ணிப் பாருங்க" என்றுதான் ஆரம்பிப்பார். "கற்பனை பண்ணிப் பாருங்க சார். ஒரு நர்ஸ், ஒரு காவல்காரர், முதியோர் இல்லத்துல வேலை பாக்கற ஒரு அம்மா. இருபது வருஷமா மத்தவங்களையே கவனிச்சிக்கிட்டு இருக்காங்க. சமூக நலவாழ்வுன்னு ஒரு பட்டப்படிப்பு ஆரம்பிச்சா அவங்கதானே வந்து படிக்கணும்? ஆனா வேலையை விட்டுட்டு வர முடியாது. அவங்களோட நேரத்துக்கு நாமதான் வளைஞ்சு கொடுக்கணும். எப்படி வளையறதுன்னு உங்களுக்குத்தான் தெரியும்." எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த அம்மா பேசுகிற விதம் எப்படியென்றால், மதியம் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது தானாகக் கண் செருகுமே, அந்த மாதிரி. தலையை ஆட்டிவிட்டேன்.

ஆட்டிய தலை அதற்குப் பிறகு நேராக நிற்கவில்லை. குழுவில் மொத்தம் நான்கு பேர். பேராசிரியர், பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தலைமை நர்ஸ், பல்கலைக்கழகத்தின் பதிவாளர், நான். பதிவாளருக்கு ஒரே ஒரு கேள்விதான். "எப்ப முடியும்?" கூட்டத்தைக் கேட்கிறாரா, படிப்பைக் கேட்கிறாரா என்று எங்களுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. மூன்றாவது மாடி அறை, நீள மேஜை, உயரமான ஜன்னல், அந்த ஜன்னல் நிறைய மேகம். பேராசிரியர் கற்பனை பண்ணச் சொல்லுவார், நான் மேகத்தைப் பார்த்தபடி பண்ணுவேன், திரும்பி வரும்போது பதிவாளர் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டுக்குப் போகிற பஸ்ஸிலும் அதே கதை. நானே நேரம் குறித்துக் கொடுத்த தடத்தில், என் நிறுத்தத்தைத் தாண்டி மூன்று தடவை கடைசி வரைக்கும் போய்விட்டேன். மூன்றாவது தடவை கண்டக்டர், "சார், நீங்க டிக்கெட் எடுக்க வேணாம், இங்கயே குடிவந்துடுங்க" என்றார்.

எனக்குக் கொடுத்த வேலை இது. வாரத்தில் ஒரு தடவையாவது எல்லா மாணவர்களும் ஒன்றாக உட்கார ஒரு நேரம் வேண்டும். மற்றதையெல்லாம் அவரவர் வசதிப்படி வீட்டிலோ வேலை இடத்திலோ படித்துக்கொள்ளலாம், இந்த ஒரு நேரம் மட்டும் எல்லோருக்கும் பொது. "மனுஷங்க முகம் பாக்காம நலவாழ்வு எப்படி சார்?" என்றார் பேராசிரியர். நியாயம்தானே. வீட்டுக்கு வந்து கூடத்துத் தரையில் வெள்ளைத்தாள்களை ஒட்டி விரித்தேன். முப்பத்தேழு தொழில். ஆஸ்பத்திரியின் மூன்று ஷிப்ட், காலையில் பாதி மாலையில் பாதி வேலை பார்க்கும் டிரைவர், தையல்காரர், முடிவெட்டுகிறவர், அடுக்குமாடிக் காவல்காரர், ரொட்டி சுடுகிறவர். ஒவ்வொருவருக்கும் ஒரு கலர். தாள் கூடத்தைத் தாண்டிச் சமையலறை வாசல்வரை போய்விட்டது. என் மனைவி அதன்மேல் கால் படாமல் ஓரமாக, கயிற்றின்மேல் நடக்கிறவளைப் போல நடந்து எனக்குச் சோறு போட்டாள். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. சமூக நலவாழ்வில் மூழ்கியிருந்தேன்.

மூன்று வாரம் தேடினேன் அக்கா. எல்லா நேரத்திலும் யாராவது ஒருவர் வேலையில் இருக்கிறார். நர்ஸ் வந்தால் ரொட்டிக்காரர் போகிறார், ரொட்டிக்காரர் வந்தால் காவல்காரர் போகிறார். பிறகு ஒரு நாள், நம்பு, தாளில் ஒரு வெள்ளை இடைவெளி தெரிந்தது. சின்னது. புதன்கிழமை மதியம் இரண்டு நாற்பதிலிருந்து மூன்று இருபது வரை. முப்பத்தேழு கலரும் அங்கே மட்டும் ஒதுங்கி நின்றன. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த நாற்பது நிமிடம் நிஜத்தில் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும் போல இருந்தது. அடுத்த புதன்கிழமை சாப்பிட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அதை உனக்கு எப்படிச் சொல்வது? இத்தனை வருடம் இந்த ஊரை ஓடவிட்டவன் நான். ஊர் நின்று நான் பார்த்ததே இல்லை. இரண்டு நாற்பதுக்கு டெப்போவுக்குள் போனேன். காலி பஸ்ஸின் கடைசி சீட்டில் ஒரு டிரைவர் காலை நீட்டிப் படுத்திருந்தார், ஜன்னல் வழியே வந்த வெயில் அவர் வயிற்றின்மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. டெப்போவை ஒட்டிய ஆஸ்பத்திரியின் பின்படிகளில் நான்கு நர்சுகள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்விரல்களை அசைத்துக்கொண்டிருந்தார்கள். தையல்கடையில் மெஷின் நின்றிருந்தது, தையல்காரர் கையில் ஊசியோடு சுவரைப் பார்த்துப் புன்னகைத்தார், எதற்கென்று அவருக்கே தெரிந்திருக்காது. முடிவெட்டும் கடையில், வெட்டுகிறவரே நாற்காலியில் சாய்ந்து கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல மெதுவாக நடந்தேன். ஊரே மூச்சை இழுத்து வைத்துக்கொண்டு, விடுவதற்கு முன்னால் ஒரு கணம் நிற்பது போல இருந்தது.

அப்படியே மிதந்து எங்கள் தெரு முனை பஸ் நிறுத்தத்துக்கு வந்தேன். பெஞ்சில் இரண்டு பெண்கள். ஒருத்தர் பள்ளி வேன் ஓட்டும் அம்மா, வேன் எதிரே நின்றது. இன்னொருத்தி மடியில் பையை வைத்துக்கொண்டு அவரிடம் எதையோ சொல்லி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். யாரோ என்று பார்த்துக்கொண்டே அருகில் போனேன். என் மனைவி.

"நீ இங்க என்ன பண்றே?"

"உக்காந்திருக்கேன்."

"எந்த பஸ்ஸுக்கு?"

"எந்த பஸ்ஸுக்கும் இல்ல."

அக்கா, பஸ்ஸோடு வாழ்ந்தவன் நான். பஸ்ஸுக்காக இல்லாமல் ஒரு மனுஷி பஸ் நிறுத்தத்தில் உட்காருவாள் என்பது என் மண்டையில் ஏறவில்லை. ஒரு பஸ் வந்தது, நின்றது, இவள் ஏறவில்லை, போனது. ஒவ்வொரு புதன்கிழமையும் காய் வாங்கப் போகிறேன் என்று கிளம்புகிறவள், இரண்டு வருடமாக இங்கே வந்துதான் உட்காருகிறாளாம். பள்ளி விடும்வரை அந்த அம்மாவுக்கு வேலை இல்லை, அதனால் அவரும். "இவங்க பேர் என்ன?" என்று கேட்டேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "பேர் எதுக்கு? நான் வருவேன், அவங்க வருவாங்க," என்றாள்.

நானும் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தேன். சந்தோஷத்தில் என் கண்டுபிடிப்பைச் சொன்னேன். முப்பத்தேழு தொழில், ஒரே ஒரு இடைவெளி, அதுவும் இந்த நேரம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தத் தாள்ல நான் எங்க இருக்கேன்?" என்றாள்.

"நீ வீட்லதானே..." என்று ஆரம்பித்தேன். வேன் ஓட்டும் அம்மா பக்குவமானவர். சட்டென்று முகத்தைத் திருப்பி, சாலையில் இல்லாத எதையோ பார்க்க ஆரம்பித்தார்.

"முப்பத்தொரு வருஷமா எனக்கு எப்ப ஓய்வுன்னு நீங்க கேட்டதில்ல. ஊருக்கே நேரம் போட்டீங்க. பரவால்ல," என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். மழை வரும்போல இருக்கிறது என்கிற மாதிரி சொன்னாள். சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுந்தாள். "மூணு ஆகப்போகுது. உங்களுக்கு டீ போடணும்."

வீட்டுக்கு வந்ததும் தாளில் முப்பத்தெட்டாவது வரிசை போட்டேன். அவள் சொல்லச் சொல்ல நான் நிரப்பினேன். விடிகாலையிலிருந்து ஆரம்பித்தோம். அந்த ஒரு வரிசைக்கே என் பச்சைப் பென்சில் தேய்ந்துபோனது. முப்பத்தேழு தொழிலும் ஒதுங்கி வழிவிட்ட அந்த வெள்ளை இடைவெளியின் நட்டநடுவில், சரியாக மூன்று மணிக்கு, என் டீ உட்கார்ந்திருந்தது. ஒரு பல்கலைக்கழகப் பட்டத்தை மறித்துக்கொண்டு ஒரு டீ!

அதை நானே போடக் கற்றுக்கொண்டேன். முதல் நாள் பால் பொங்கி அடுப்பு அணைந்தது. இரண்டாம் நாள் இலையைப் போட மறந்து வெறும் பாலை வடிகட்டினேன். மூன்றாம் நாள் போட்டதைக் குடித்துப் பார்த்து, "இது என்னதுன்னு சொல்லிட்டீங்கன்னா குடிச்சிடறேன்," என்றாள். எட்டாம் நாள் ஒன்றும் சொல்லாமல் குடித்தாள். அக்கா, பதவி உயர்வு வந்தபோதுகூட எனக்கு அப்படி இருந்ததில்லை.

கடைசிக் கூட்டம். அன்றைக்கு முடிவாகாவிட்டால் படிப்பே கிடையாது என்று பதிவாளர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். வேலை செய்கிறவர்கள் நடுவில் நிறுத்திக்கொள்ளலாம், பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்பதுதான் அவருக்குத் தொண்டையில் முள். "எப்ப முடியும்? முடிவே இல்லாததுக்குப் பேர் பட்டம் இல்ல, கல்யாணம்," என்றார். பேராசிரியர் கற்பனை பண்ணச் சொல்லிப் பார்த்தார், பதிவாளர் மறுத்துவிட்டார். என்னைப் பார்த்தார்கள். நான் வழக்கம்போல ஜன்னலில் இருந்தேன். ஒரு வெள்ளை மேகம் எங்கேயும் போகிற அவசரமில்லாமல் நின்றுகொண்டிருந்தது. என்னையறியாமல் வாய் திறந்துவிட்டது. "இறங்கி ஏறுகிறவனுக்கும் அதே டிக்கெட் செல்லணும் சார். ஒரு வருஷத்துல இறங்கினா சான்றிதழ், மூணுல இறங்கினா பட்டயம், கடைசி வரைக்கும் வந்தா பட்டம். புதன்கிழமை நாற்பது நிமிஷம் மட்டும் எல்லாரும் ஒண்ணா உட்காரணும். முதல் பாடம், பக்கத்துல இருக்கறவங்ககூட எதுக்கும் காத்திருக்காம உட்காருறது."

"சும்மா உட்காருறதுக்கு ஒரு பட்டமா?" என்று பதிவாளர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்.

அதுவரை வாயே திறக்காத தலைமை நர்ஸ் கேட்டார். "நீங்க கடைசியா யார் பக்கத்துல சும்மா உட்கார்ந்தீங்க சார்?"

பதிவாளர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை. "எங்க வீட்டு நாய் பக்கத்துல," என்றார். "காலைல பேப்பர் படிக்கறப்ப வந்து உட்காரும். போன வருஷம் போயிடுச்சு."

ஜன்னலில் அந்த மேகம் இன்னும் நின்றுகொண்டிருந்தது. பிறகு அவர் பேனாவைத் திறந்து, "எட்டு வருஷத்துக்குள்ள முடிக்கணும். அதுக்கு மேல ஒரு நாள்கூடக் கிடையாது," என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "இந்தப் புதன்கிழமை வகுப்பு... வெளியாள் யாராவது வந்து பின்னால உட்காரலாமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அக்கா, என் வேலை முடிந்தது. என் மனைவி விண்ணப்பம் போட்டிருக்கிறாள். கேட்டதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. படிவத்தை என்னுடைய அழகான கையெழுத்தில் நானே நிரப்பி, நானே கொண்டுபோய்த் தபாலில் போட்டேன். நான் சேரப்போவதில்லை. உண்டாக்கியவனே உள்ளே போய் உட்கார்ந்தால் மரியாதையாக இருக்காது. அதோடு, இத்தனைக்கும் பிறகு சமூக நலவாழ்வில் எனக்குக் கற்றுக்கொள்ள இனி என்ன பாக்கி இருக்கிறது? அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கும் பேத்திக்கும் என் ஆசீர்வாதம். உன் ஆசீர்வாதம் இங்கே எங்கள் இருவர் தலைக்கும் வேண்டும்.

என்றும் உன் பிரியமுள்ள தம்பி.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் தபால்காரர் வந்துவிட்டார். இடம் கிடைத்துவிட்டது. எனக்கு. படிவத்தில் 'விண்ணப்பிப்பவர்' என்ற கட்டத்தில் என் பெயரையும், 'பரிந்துரைப்பவர்' என்ற கட்டத்தில் அவள் பெயரையும் எழுதியிருக்கிறேன். எந்தத் தாளைக் கண்டாலும் மேலே என் பெயரை எழுதியே பழகிய கை. உடனே பேராசிரியருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். ரொம்ப நேரம் சிரித்துவிட்டு, இன்னும் ஒரு இடம் இருக்கிறது, உங்கள் மனைவியும் தாராளமாகச் சேரலாம் என்றார். வந்து அவளிடம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். பல்கலைக்கழகத்தின் கடிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தாள். "தப்பொண்ணும் நடக்கல. யாருக்குத் தேவையோ அவருக்குத்தான் கொடுத்திருக்காங்க," என்றாள். நீயும் வருகிறாயா என்று கேட்டேன். "வீட்லயும் உங்களோட, வகுப்புலயும் உங்களோடயான்னு யோசிக்கிறேன்," என்றாள். இதை எழுதும் இந்த நிமிடம்வரை யோசித்துக்கொண்டிருக்கிறாள்.