லண்டனிலிருந்து திரும்பிய கடைசியார்

காஞ்சிபுரத்தில் முன்னால் நிற்க அடித்துக்கொள்ளாத ஆளே கிடையாது. பின்னால் நிற்பதற்காக ஊரையே கலக்கியவர் உலகத்திலேயே ஒருத்தர்தான்: எங்கள் தெருக் கடைசியார்.

பட்டு வியாபாரியின் ஒரே பிள்ளை. பள்ளியில் என்னோடு படித்தவர். பாரிஸ்டர் படிப்புக்கு லண்டன் போகிறவரை அவர் எதற்கும் காத்திருந்ததில்லை. நாவிதர் வீட்டுக்கு வருவார், தையல்காரர் வீட்டுக்கு வருவார், பரீட்சைக்கு முன்னால் வாத்தியாரே வீட்டுக்கு வருவார்.

திரும்பி வந்த வாரமே நாவிதரின் மரத்தடிக்குப் போய்க் கடைசி ஆளாக நின்றார். க்யூ என்ற சொல்லே ஊருக்குள் வராத வெள்ளைக்காரன் காலம். முதலாளி பிள்ளை நிற்கும்போது நாம் எப்படிச் சவரம் செய்துகொள்வது என்று முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். இவர் ஓடிப்போய்ப் புது ஆட்களைப் பிடித்துவந்து தமக்கு முன்னால் நிறுத்தினார். அன்றைக்கு, அந்த வழியாகப் போன தாடிச் சாமியாருக்குக்கூடச் சவரம் நடந்துவிட்டது.

"இன்னாடா ஆச்சு உனக்கு?" என்று கேட்டேன்.

"லண்டன்ல ரொட்டிக் கடைக்குப் போனேன்டா. நேரா முன்னாடி போய் நின்னேன். தரை கழுவுற கிழவி ஒருத்தி, குடைப்பிடியை என் கழுத்துல மாட்டி இழுத்துக்கினு போய்க் கடைசில வுட்டுட்டா. கொஞ்ச நேரம் கழிச்சுத் திரும்பினா, எனக்குப் பின்னால எங்க புரொபசர் நின்னுக்கினு இருக்காரு. அவருக்கும் யாரும் வழி வுடல. அன்னிக்குதான்டா எனக்கு முன்னாடி ஒரு முதுகைப் பாத்தேன். அதுவரைக்கும் மனுசனுக்கு முதுகு இருக்கறதே எனக்குத் தெரியாது."

இதையெல்லாம் ஊர் பொறுத்துக்கொண்டது. பிறகு கோயில் உற்சவம் வந்தது. சாமிக்குப் பட்டு கொடுக்கும் வீடு என்பதால் முதல் தீர்த்தமும் மாலையும் அவர்களுக்குத்தான். அப்பாவுக்குக் கால் வீக்கம், பிள்ளையை அனுப்பினார். பிள்ளை வரிசையின் கடைசிக்குப் போய்விட்டார்.

"முன்னால வாங்கோ" என்றார் பட்டர்.

"என் முறை வரட்டும் சாமி."

அவருக்குக் கொடுக்காமல் மற்றவர்களுக்குக் கொடுக்க வழியில்லை. பட்டர் தீர்த்த வட்டிலோடு கடைசிக்கு நடந்தார். தீர்த்தம் இனி அங்கிருந்துதான் தொடங்கும் என்று முன்னால் நின்ற பெரிய மனிதர்களுக்குப் புரிந்தது. ஓடிவந்து கடைசியாருக்குப் பின்னால் நின்றார்கள். "மன்னிக்கணும்" என்று அவர் அவர்களுக்கும் பின்னால் போனார். அவர்கள் மறுபடியும் அவருக்குப் பின்னால் வந்தார்கள். இப்படியே மண்டபம் தாண்டி, கொடிமரம் தாண்டி, மொத்த வரிசையும் பின்புறமாகவே நகர்ந்து கோபுர வாசல் வழியாகத் தெருவுக்குப் போய்விட்டது.

தீர்த்தத்தோடு படி தாண்டக்கூடாது. பட்டர் வாசலிலேயே நின்றார். அப்போது, மாலை கட்டும் குப்பம்மா பூ விற்று முடித்து உள்ளே வந்தாள். கோயிலில் வேறு ஆள் இல்லை. பட்டர் இரண்டு பக்கமும் பார்த்தார். அவள் கையில் தீர்த்தத்தை ஊற்றி, கழுத்தில் மாலையையும் போட்டுவிட்டார்.

"இன்னா சாமி, நான் கட்டினதை எனக்கே போடறீங்க?" என்றாள் குப்பம்மா.

வீட்டில் அப்பா கொதித்தார். "நம்ம மாலை பூக்காரி கழுத்துக்குப் போயிடுச்சேடா. உனக்கு வெக்கமா இல்ல?"

"அவளுக்கு நல்லா இருந்துச்சாப்பா? நான் தெருவுல இருந்தேன், பாக்க முடியல."

அதன்பிறகு அப்பா அவரோடு பேசவில்லை. மெட்ராஸில் போய் வக்கீல் தொழில் பார்க்கட்டும் என்று என்னிடம்தான் சொல்லியனுப்பினார். கடைசியார் கிளம்பினார்.

ஸ்டேஷனுக்கு நான் மட்டும்தான் போனேன். மூன்றாம் வகுப்பில், ஒரு நெல் மூட்டைக்கும் ஆட்டுக்குட்டிக்கும் நடுவே ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். வண்டி ஊதியது.

"போய்ட்டு வரேன்டா" என்றார். முகம் சிறுத்துப் போயிருந்தது.

வழியனுப்ப வந்த நான், டிக்கெட் இல்லாமல் வாலாஜாபாத் வரைக்கும் கூடவே போனேன்.