கூப்பிடு தூரத்தில் ஒரு வீடு

விளக்கை அணைத்தால் மனைவிக்குத் தெரிந்துவிடும். அதனால் பல்செட்காரர் அன்று சாயங்காலம் விளக்கை எரியவிட்டபடியே லேபைப் பூட்டிக்கொண்டு, பின்பக்கப் படிக்கட்டு வழியாக நழுவினார்.

அவர் தப்புத்தண்டாவுக்குப் போகிற ஆள் இல்லை. பல் டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சைப் பார்த்து, மெழுகில் பல் பதித்து, கடித்தால் கடிபடுகிற மாதிரி பல்செட் செய்துகொடுப்பவர். கைவேலை சுத்தம் என்று கேள்விப்பட்டுத்தான் இந்த ஊர் லேபின் முதலாளியம்மா அவரை வேறு ஊரிலிருந்து வரவழைத்திருந்தார். குடிவந்து சில மாதம்தான் ஆகிறது. அதற்குள் இப்படிப் பதுங்கிப் பதுங்கிப் போக வேண்டிய நிலைமை.

எல்லாம் அந்த வீட்டால் வந்தது.

பழைய ஊரில் வேலைக்குப் போக ஒரு பஸ், ஒரு ரயில், மறுபடி ஒரு பஸ். வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே புலம்பலைத் தொடங்கிவிடுவார். "மனுஷன் ஏறுற பஸ்ஸா அது? பாதி உசுரு ரோட்டுலயே போயிடுது." பத்து வருஷம் விடாமல் புலம்பினார். மனைவி பத்து வருஷம் விடாமல் கேட்டாள். புது ஊர் என்று முடிவானதும் அவள் ஒரே நிபந்தனைதான் போட்டாள்.

"இனிமே நீங்க பஸ் ஏறவே கூடாது. லேப், காய்கறிக் கடை, மருந்துக்கடை எல்லாம் நடக்கிற தூரத்துல இருக்கணும்."

வீட்டு புரோக்கர் தோட்டம் வைத்த வீடெல்லாம் காட்டினார். அவள் அசையவில்லை.

"இங்கேருந்து லேபுக்கு எப்படிப் போறது?"

"வாசல்லயே பஸ் ஏறினீங்கன்னா..."

"ஏறினீங்கன்னா எல்லாம் வேண்டாம். அடுத்த வீட்டைக் காட்டுங்க."

காலில் செருப்பும் கையில் காய்கறிப் பையுமாக ஒவ்வொரு வீட்டிலிருந்தும் லேபுக்கு நடந்து பார்த்தாள். செருப்பின் வார் அறுந்த அன்றைக்குத்தான் இந்த மாடி வீடு அகப்பட்டது. கீழே மருந்துக்கடை, பக்கத்தில் காய்கறிக் கடை, முனையில் சலூன். லேப் நேர் எதிரே. சமையலறை ஜன்னலில் நின்றால் கணவர் வேலை செய்யும் மேஜை விளக்கு தெரியும்.

"கூப்பிடு தூரம்," என்று அவள் பெருமையாகச் சொன்னாள். அவரும் ஊரெல்லாம் அதையே சொல்லிப் பெருமைப்பட்டார்.

சிக்கல் பிறகுதான் தெரிந்தது. அங்கே விளக்கு அணைந்தால் இங்கே அடுப்பு எரியும். அவர் ரோட்டைக் கடந்து படியேறுவதற்குள் டீ ஆற்றப்பட்டிருக்கும். இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? ஆனால் ஆள் வீட்டுக்குள் வந்துவிடுவார், தலை மட்டும் யாரோ ஒருவருடைய கீழ்த்தாடைக்குள்ளேயே இருக்கும்.

"ஏங்க, ஹாலுக்கு என்ன கலர் திரை போடலாம்?"

"லேசா மஞ்சள் கலந்த வெள்ளை. ரொம்ப டீ குடிக்கிறவங்களுக்கு அதுதான் பொருந்தும்."

மனைவி அவரை உற்றுப் பார்த்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போனாள்.

அடுத்தது மாமனார். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். மகளோடுதான் இருக்கிறார். சர்வீஸ் முடிந்ததே தவிர பரிசோதனை முடியவில்லை. வாசல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "எங்கேருந்து வர்றீங்க மாப்பிள்ளை, இன்னிக்கு ஏன் லேட்டு, கையில என்ன?" என்று நிறுத்தி நிறுத்திக் கேட்பார். பகலில் மருமகன் இல்லாத நேரத்தில் இந்தக் கேள்விகளெல்லாம் மகளுக்கு. அவள் வீட்டிலிருந்தபடியே துணி தைத்துக் கொடுப்பவள். தையல் மிஷின் சத்தத்துக்கு மேலே கேள்வி கேட்கும் குரல் வளம் அவருக்கு உண்டு.

பல்செட்காரருக்கு அப்போதுதான் புரிந்தது. பழைய ஊரில் அந்த ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து வந்த நேரம் இருக்கிறதே, அதில் அவர் யாருக்கும் டெக்னீஷியன் இல்லை, கணவர் இல்லை, மாப்பிள்ளை இல்லை. சும்மா ஒரு ஆள். நாளெல்லாம் அந்தச் சும்மா இருந்த நேரத்தை நம்பித்தான் அவர் ஓடியிருக்கிறார். அது போனதும் அவருக்கு நிஜமாகவே ஏக்கமாக இருந்தது. மனைவியைப் பிடிக்கும். வீட்டையும் பிடிக்கும். இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் ரோடு வேண்டும், அவ்வளவுதான். பத்து வருஷம் புலம்பிவிட்டு, செருப்பு அறுந்தவளிடம் போய் இதை எந்த வாயால் சொல்வது?

அதனால்தான் அன்று விளக்கை எரியவிட்டுவிட்டுப் பின்பக்கமாகப் போய்ப் பூங்காவில் உட்கார்ந்தார். நன்றாகத்தான் இருந்தது. திரும்பி வந்தபோது லேப் வாசலில் மனைவி பிளாஸ்க்கோடு நின்றாள். பக்கத்தில் சாவியோடு முதலாளியம்மா.

"இவ்வளவு நேரம் வேலை செய்றீங்களேன்னு டீ கொண்டுவந்தேன். உள்ள ஆளே இல்ல," என்றாள் மனைவி.

"அது வந்து, பிளாஸ்டர் காயட்டும்னு லைட்டைப் போட்டுட்டு... கொஞ்சம் நடந்துட்டு வந்தேன். டாக்டர் நடக்கச் சொன்னார்."

"எந்த டாக்டர்?"

அவருக்குத் தெரிந்த டாக்டர்கள் எல்லாரும் ஒரே வகை.

"பல் டாக்டர்," என்றார்.

விஷயம் வீட்டுக்கு வந்ததும் மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பல் டாக்டர் எதுக்கு மாப்பிள்ளை நடக்கச் சொல்றாரு?"

"ரத்த ஓட்டம் ஈறுக்கும் நல்லதாம் மாமா."

"அப்ப எனக்கும் நல்லது. நாளைக்கு நானும் வர்றேன்."

மறுநாளிலிருந்து நடை. நடப்பதற்கு வசதியான பேட்டை என்று தேடிப் பிடித்தார்களே, அதே காரணத்துக்காகத்தான் அங்கே எல்லாரும் குடிவந்திருந்தார்கள். எல்லாரும் நடந்தார்கள். நடந்தவர்கள் எல்லாரும் பல்செட்காரரோடு நடந்தார்கள். மாமனார் ஒரு பக்கம் கேள்வி கேட்டுக்கொண்டே வர, மறுபக்கம் அவரிடம் மேல்செட் கட்டிக்கொண்ட ஒரு பெரியவர் சேர்ந்துகொண்டார்.

"தம்பி, இந்த இடது பக்கம் உரசுது."

"நாளைக்கு லேபுக்கு வாங்க ஐயா, பாக்கலாம்."

"நாளைக்கு என்ன, கையோட பாத்துடுங்க." பெரியவர் நடு ரோட்டிலேயே செட்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டார். கொடுத்த பிறகும் பேசிக்கொண்டுதான் வந்தார். ஒரு வார்த்தை புரியவில்லை. மாமனாருக்கு மட்டும் புரிந்தது போல அதற்கும் ஒரு கேள்வி கேட்டார். பல்செட்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு, பல்லைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்.

ஒரு வாரம் தாங்கினார். அதற்கு மேல் முடியவில்லை. ஒரு சாயங்காலம், "இருங்க மாமா, மாத்திரை வாங்கிட்டு வந்துடறேன்," என்று மருந்துக்கடைக்குள் நுழைந்து, மறுபக்கக் கதவு வழியாக வெளியே வந்தார். எதிரே ஒரு பஸ் நின்றுகொண்டிருந்தது. எங்கே போகிறது என்றுகூடப் பார்க்காமல் ஏறிவிட்டார்.

"எங்க சார் போகணும்?" என்றார் கண்டக்டர்.

"எங்க போகுது?"

"எங்கயும் போகாது சார். இது சுத்து வண்டி. ஊரைச் சுத்திட்டு இங்கயே வந்துடும்."

பல்செட்காரருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. "எனக்கும் அங்கதான்," என்று டிக்கெட் வாங்கினார்.

இடது பக்கம் மூன்றாவது ஜன்னல் சீட்டு காலியாக இருந்தது. மற்ற ஜன்னல்களெல்லாம் கடகடவென்று ஆட, இது மட்டும் ஆடவில்லை. யாரோ புண்ணியவான் கொக்கியைப் பச்சை நூலால் இறுக்கிக் கட்டியிருந்தார். பஸ் பாலத்தைத் தாண்டியது. மரக்கடை, கண்ணாடித் தொழிற்சாலை, வெள்ளைத் துணிகள் காயும் பெரிய மைதானம் எல்லாம் ஒவ்வொன்றாகப் போயின. அவர் தலையிலிருந்த தாடைகளும் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டன. கொஞ்சம் தூங்கினார். கண் விழித்தபோது மருந்துக்கடை வந்திருந்தது. மாத்திரை வாங்க மறந்த மருமகனைத் தேடிக்கொண்டு மாமனார் இன்னும் அங்கேயே நின்றிருந்தார்.

இனி இது தினமும் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார். அதற்கு ஒரு பொய் வேண்டியிருந்தது.

"முதலாளியம்மா பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிளை திறந்திருக்காங்க. சாயங்காலம் நான்தான் போய்ப் பாக்கணுமாம்."

"ஐயோ பாவம், மறுபடியும் பஸ்ஸா?" மனைவி தைத்துக்கொண்டிருந்த பச்சைச் சீருடையைக் கீழே வைத்தாள். "எங்க, மரக்கடைக்குப் பக்கத்துலயா?"

"ஆமா, அதுக்குக் கொஞ்சம் தள்ளி."

"அலைச்சல்தான் உங்களுக்கு."

"என்ன பண்றது, தலையெழுத்து." பழைய புலம்பலைத் தொட்டதும் அவருக்குத் தன் வீட்டுக்கே திரும்பி வந்தது மாதிரி இருந்தது. "மனுஷன் ஏறுற பஸ்ஸா அது?"

பிறகு வந்த நாட்கள் அந்த வீட்டில் எல்லாருக்கும் நல்ல நாட்கள். எதிர் வாசலில் வேலை பார்ப்பவர் தினமும் ஊரைச் சுற்றி வீட்டுக்கு வந்தார். வந்ததும் கொஞ்சம் புலம்பினார். டீ குடித்தார். திரைக்கு என்ன கலர் என்று கேட்டால் திரைக்கான கலரைச் சொன்னார். மனைவியும் கலகலப்பாக இருந்தாள். பேட்டையில் இருக்கும் தையல் சாமான் கடை நூல் மட்டும் அவளுக்குக் கலர் சேர்வதே இல்லை. "மத்தியானம் வேற கடையில பாத்துட்டு வந்தேன்," என்பாள். அவர் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை.

ஆனால் முதலாளியம்மாவும் அதே பேட்டையில் நடக்கிறவர்தானே. ஒரு நாள் காய்கறிக் கடையில் மனைவி அவரைப் பார்த்துவிட்டாள்.

"கிளை எல்லாம் நல்லாப் போகுதாங்க?"

"எந்தக் கிளை?" என்றார் முதலாளியம்மா, கையில் முருங்கைக்காயோடு.

அன்று மாலை பல்செட்காரர் படியேறி, "அப்பாடா, என்ன கூட்டம், என்ன கூட்டம்," என்று தொடங்கும்போது டீ ஆற்றும் சத்தம் கேட்கவில்லை. மனைவி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மாமனார் அவளுக்குப் பக்கத்தில், பரிசோதகர் தோரணையில்.

"கிளையே இல்லையாமே," என்றாள் மனைவி.

பூசி மெழுக இனி எதுவும் மிச்சமில்லை.

"இல்ல."

"அப்ப தினம் எங்கதான் போறீங்க?"

"பஸ்ல."

"பஸ்ல எங்க?"

"எங்கயும் இல்ல. சுத்திட்டு இங்கயே வந்து இறங்குவேன்." எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். விளக்கு, பூங்கா, மேல்செட், மாத்திரை. "உன் மேல கோபம் இல்ல. இந்த வீட்டு மேல சத்தியமா ஒண்ணும் இல்ல. கொஞ்ச நேரம் யாருக்கும் யாரா இல்லாம இருக்கணும்னு தோணுது. நீ செருப்பு தேய நடந்து தேடின வீடு, எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அவள் கோபப்படவில்லை. சத்தம் போடவில்லை. முகம் ஒரு மாதிரி வெளுத்திருந்தது. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

"எந்த பஸ்?" என்றாள் மெதுவாக.

"சுத்து பஸ்."

"எந்தப் பக்கம் உக்காருவீங்க?"

"இடது பக்கம். மூணாவது."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மனசு உடைந்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மாமனார் தொண்டையைச் செருமினார். "ஏறின இடத்துலயே இறங்குறவனை என் சர்வீஸ்லயே நான் பாத்தது கிடையாது. இதை நம்ப முடியாது. நீயும் அவர்கூட நேர்ல போய்ப் பாத்துட்டு வாம்மா."

"நான் எதுக்குப்பா? அவர்தான் சொல்லிட்டாரே."

"பரிசோதனைன்னா நேர்லதான்."

"தைக்க வேண்டியது நிறைய இருக்கு."

"வந்து பாரு," என்றார் பல்செட்காரரும் கெஞ்சலாக. "ஒரு தடவை அந்த ஜன்னல்ல உக்காந்து பாத்தா உனக்கே புரியும். அதுக்கப்புறமும் வேண்டாம்னா விட்டுடறேன்."

மறுநாள் சாயங்காலம் இருவரும் ஸ்டாப்பில் நின்றார்கள். மழை இல்லை, வெயிலும் இறங்கிவிட்டது. இருந்தாலும் அவள் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு நின்றாள். புருஷனோடு வெளியே வரவே வெட்கப்படுகிறாள் என்று அவருக்குத் துக்கமாக இருந்தது. மாடி ஜன்னலிலிருந்து மாமனார் கண்காணித்தார்.

பஸ் வந்தது. அவர் முதலில் ஏறி, தன் சீட்டைக் காட்டுவதற்காகத் திரும்பினார். அவள் குடையை மடக்கிக்கொண்டு, வேறு வழியில்லாமல் படியேறினாள்.

கண்டக்டர் அவரைத் தாண்டி அவளைப் பார்த்துத்தான் சிரித்தார்.

"வாங்கம்மா, தினம் மத்தியான வண்டியிலதானே வருவீங்க? நீங்க கட்டின நூல் அப்படியே இருக்கு, ஆனா இந்த நேரத்துக்கு அந்த சீட்டு இந்த சாரோடது, ரெண்டு பேரும் பேசிப் பங்கு போட்டுக்குங்க."