பூங்காவனம் மேய்ந்த நாலு சதுரம்

ஒரு காட்டில், அதாவது காடு என்று ரெக்கார்டில் மட்டும் இருக்கிற ஓர் இடத்தில், பூங்காவனம் என்றொரு முயல் குடியிருந்தாள். அங்கே மரம் கிடையாது. கிழக்கே ஒரு புல்வெளி, மேற்கே ஒரு புல்வெளி, அவ்வளவுதான். மேற்குப் புல்வெளியை மாசிலாமணி என்கிற காட்டுப்பன்றி முதலாளி தோண்டிவிட்டார். சிங்கராஜாவின் குகைக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்புக்கல் வேண்டியிருந்ததாம். ஒரு குகைக்கு எத்தனை தடவைதான் வெள்ளையடிப்பார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். ராஜாவிடம் கேட்ட நரி இப்போது இல்லை.

ராஜா சட்டமும் போட்டிருந்தார். தோண்டியவரே குழியை மூட வேண்டும். மூடிய இடத்தில் பழையபடி புல் வளர்க்க வேண்டும். மூன்றாம் வருஷம் அதிகாரி வந்து பார்ப்பார். புல் தேறியிருந்தால்தான் அடுத்த புல்வெளியைத் தோண்ட அனுமதி. நல்ல சட்டம். படிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

அடுத்த புல்வெளி என்றால் கிழக்குதான். அங்கே ஒரு கொழுக்கட்டைப்புல் புதரடியில் பூங்காவனம் மூன்று குட்டி போட்டிருந்தாள். குட்டிகள் புல் கடிக்கப் பழகி நாலு நாள்தான் ஆகியிருந்தது. அதனால் மேற்கே புல் முளைக்கவே கூடாது என்று வேண்டிக்கொண்டாள். உலகத்திலேயே அப்படி வேண்டிக்கொண்ட முயல் இவள் ஒருத்திதான் இருப்பாள். வேண்டுதல் பலித்தது. மாசிலாமணி மூடிய மண்ணில் எருக்கஞ்செடிகூட எட்டிப் பார்க்கவில்லை.

நாலு சதுரத்தில் மட்டும் புல் இருந்தது. காரணம் இதுதான். முதல் வருஷமே அதிகாரி நீலமேகம், அவர் ஒரு கொக்கு, குச்சிகளைக் கட்டிய சதுரம் ஒன்றைக் கொண்டுவந்து நாலு இடத்தில் வைத்தார். மூலைக்கு மூலை சிவப்பு பெயிண்ட் அடித்த கல் நட்டார். "மூணாம் வருஷமும் இதே கல்லுக்குள்ளதான் எண்ணுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அது அவர்கள் வழக்கம். மாசிலாமணி அந்த நாலு சதுரத்துக்கு மட்டும் தினமும் தண்ணீர் ஊற்றினார். கேள்வித்தாள் முன்கூட்டியே கையில் கிடைத்தால் நீங்கள் மட்டும் என்ன செய்வீர்கள்?

மூன்றாம் வருஷம் சரிபார்ப்புக்கு முந்தின நாள் காலையில் பூங்காவனம் குளத்தங்கரைக்கு ஓடினாள்.

"ஐயா, நாளைக்குக் கல்லுக்கு வெளியேயும் ஒரு தடவை பாருங்கய்யா. கட்டாந்தரையா கெடக்கு."

கொக்கு ஒரு கண்ணை மூடிக்கொண்டார். "வெளியே பாக்க எனக்கு அதிகாரம் இல்லம்மா. பாத்துட்டா எழுதணும். எழுத இடம் ஏது? படிவத்துல மொத்தமே பதினாலு கேள்விதான்."

"கல்லுக்குள்ளயே புல் இல்லேன்னா?"

"இல்லேன்னு எழுதிட்டுப் போறேன். எனக்கென்ன, நான் மீன் திங்கிறவன்."

அன்று மத்தியானம் மாசிலாமணி சேற்றில் புரண்டு கண்ணயர்ந்த நேரம் பார்த்து பூங்காவனம் மேற்கே போனாள். முதல் சதுரத்தைப் பசிக்குத் தின்றாள். இரண்டாவதைக் கோபத்துக்குத் தின்றாள். மூன்றாவதிலேயே வயிறு உப்பிவிட்டது. நாலாவதைப் பிள்ளைகளை நினைத்துக்கொண்டு வேர்வரைக்கும் கடித்துத் தின்றாள். இவ்வளவு தின்ற வயிறு சும்மா இருக்குமா? அங்கங்கே புழுக்கை போட்டுவிட்டு வீடு திரும்பினாள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. அட, எனக்கே பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாள் சதுரங்களைப் பார்த்ததும் மாசிலாமணி தரையில் விழுந்து புரண்டார். "ஐயோ, போச்சே! குடம் குடமா ஊத்தினேனே!"

கொக்கு பதறவில்லை. புல் எத்தனை வகை? இல்லை. உயரம் எவ்வளவு? இல்லை. பதிமூன்றாம் கேள்வி வரைக்கும் இல்லை, இல்லை என்றே எழுதினார். ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த பூங்காவனத்துக்கு இரண்டு காதும் நிமிர்ந்துகொண்டது.

பதினாலாவது கேள்வியை அதுவரை யாரும் படித்ததில்லை. கொக்கு வாய்விட்டுப் படித்தார். "நிலத்துக்கு வன உயிர் திரும்பியுள்ளதா? ஆம் எனில், மேற்கண்ட பதிமூன்றையும் பொருட்படுத்த வேண்டாம்."

குனிந்து ஒரு புழுக்கையை அலகால் புரட்டினார். "முயல். புத்தம் புதுசு. ஏய்யா மாசிலாமணி, புல் இல்லாத எடத்துக்கு முயல் வருமா?"

"எப்படிங்க வரும்?" என்றார் மாசிலாமணி, எழுந்து உட்கார்ந்து.

"ஐயா, அது நான்தான்யா!" பூங்காவனம் கத்தினாள். "புல்லு எல்லாத்தையும் நேத்து நானே தின்னு தீர்த்துட்டேன்!"

கொக்கு முதல் தடவையாக இரண்டு கண்ணையும் திறந்தார். "பாத்தீங்களா, பயனாளியே வாய்விட்டுச் சொல்லுது." அதையும் எழுதிக்கொண்டார். "கையெழுத்துக்குப் பதிலா காலடி ஒண்ணு வைம்மா."

"செத்தாலும் வைக்க மாட்டேன்."

"பரவாயில்ல. ஈர மண்ணுல நேத்தே வச்சிட்டுப் போயிருக்க."

அடுத்த வாரம் மேற்கே ஒரு போர்டு நட்டார்கள். 'முயல்கள் திரும்பி வந்த நிலம்' என்று எழுதி, பூங்காவனத்தின் படத்தையும் போட்டிருந்தார்கள். காது மட்டும் கழுதைக் காது. கிழக்கே மாசிலாமணி தோண்ட ஆரம்பித்தார். புதரை விட்டு நகர மாட்டேன் என்று பூங்காவனம் மல்லுக்கு நின்றாள். "உன் விலாசம் மேற்குன்னு ஃபைல்ல இருக்கும்மா. இங்க இருந்தா ஆக்கிரமிப்பு" என்று சொல்லிவிட்டார்கள்.

அவள் மூன்று குட்டிகளையும் கூட்டிக்கொண்டு மேற்கே போய் போர்டு நிழலில் உட்கார்ந்தாள். அங்கே வேறு நிழல் இல்லை.

"அம்மா, பசிக்குது. இங்க புல்லு எங்கம்மா?" என்றது கடைக்குட்டி.

இருந்த நாலு சதுரத்தையும் அம்மாவே தின்றுவிட்டாள் என்று அதற்கு யார் சொல்வது? என்னால் முடியாது.

நீதி: எதிர்ப்புத் தெரிவிக்கப் போகிறவர்கள் வீட்டிலேயே புழுக்கை போட்டுவிட்டுப் போகவும்.