என் கடைவாய்ப்பல் சுற்றிப்பார்த்த ஊர்

பல் டாக்டரிடம் போவதில்லை என்று நான் முடிவெடுத்துவிட்டால், எந்தச் சக்தியாலும் என்னை அந்தச் சாய்வு நாற்காலியில் உட்காரவைக்க முடியாது. இடப்பக்கக் கடைவாய்ப்பல் ஒன்று மாதக்கணக்காகப் படுத்திக்கொண்டிருந்தது உண்மைதான். ஆனால் கடவுள் வலப்பக்கமும் பல் கொடுத்திருக்கிறார். அந்தப் பக்கமாக மென்று குடும்பம் நடத்திக்கொண்டிருந்தேன்.

மகள் படிக்கும் ஊருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வரலாம் என்றாள் மனைவி. அங்கேதான் சிக்கல். அந்த ஊரில் மகள் இருக்கிறாள், கல்லூரி இருக்கிறது, கூடவே என் மச்சானும் இருக்கிறார். மனைவியின் அண்ணன். பல் டாக்டர். நாம் வாயைத் திறந்து சௌக்கியமா என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டார். உள்ளே எட்டிப் பார்ப்பார்.

"அப்படியே அண்ணன்கிட்ட அந்தப் பல்லக் காட்டிடலாங்க."

"காட்டலாம்தான். நேரம் வேணுமே."

நேரம் இல்லாமல் செய்வது என் பொறுப்பு. அது நானும் படித்த ஊர். படித்தேன் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. சாப்பிட்டேன் என்பதுதான் சரி. கண்ணைக் கட்டிச் சந்தில் விட்டாலும் எந்தக் கடை எங்கே என்று மூக்கு சொல்லிவிடும். அருங்காட்சியகம், ஏரி, நூலகம், மணிக்கூண்டு, நடுநடுவே என் பழைய கடைகள் என்று காலையிலிருந்து ராத்திரி ரயில் வரை மூச்சுவிட இடமில்லாமல் ஒரு திட்டம் போட்டு அவளிடம் ஒப்பித்தேன்.

சண்டைக்கு வருவாள் என்று நாலைந்து பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். ஒன்றுக்கும் வேலை வரவில்லை.

"நல்லாத்தான் இருக்கு. உங்க ஊரு, நீங்க சொல்றபடியே சுத்தலாம். அண்ணன் பேச்சையே இனி நான் எடுக்க மாட்டேன்."

"அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"மாறாது. நீங்களா போகணும்னு சொன்னாத்தான் அங்க போவோம். ஆனா கடை எதுன்னு நீங்க சொல்லுங்க, அங்க என்ன வாங்கறதுன்னு நான் சொல்றேன்."

இதில் என்ன வந்துவிடப்போகிறது என்று ஒத்துக்கொண்டேன். பரந்த மனசு எனக்கு.

கல்லூரி வாசலில் மகள் காத்திருந்தாள். எதிரேயே என் பழைய ஐஸ்க்ரீம் கடை. கடைக்காரரிடம் மனைவி கேட்ட முதல் கேள்வி, "இதுல எது ரொம்பக் கெட்டியா இருக்கும்?"

கெட்டியாகத்தான் இருந்தது. ஸ்பூன் வளைந்தது. சாமர்த்தியமாக வலப்பக்கம் ஒதுக்கினேன். அது உருகி, வழி விசாரித்துக்கொண்டு இடப்பக்கம் போய்ச் சேர்ந்தது. மண்டைக்குள் ஒரு மின்னல் வெட்டியது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"ஏன் கண்ணு கலங்குது?"

"படிச்ச காலேஜ். கலங்காதா?"

"பாவம். தொண்டை கட்டிக்கும், சூடா ஒரு காபி குடிங்க."

கொதிக்கக் கொதிக்க வந்தது. குடித்தேன். ஐஸ்க்ரீம் விட்ட இடத்திலிருந்து காபி தொடர்ந்தது.

ஏரிக்கரையில் சுட்ட சோளம் வாங்கினாள். முற்றின சோளமாகப் பார்த்து அவளே பொறுக்கினாள். படகு போவதை ரசிக்கிற பாவனையில் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து மென்றேன்.

"அப்பா ஏம்மா ஒரு பக்கமாவே மெல்லுறாரு?" என்றாள் மகள்.

"அந்தப் பக்கந்தான் ஏரி தெரியுதாம்."

நான் அசரவில்லை. பாதி நாள் ஓடிவிட்டது. இன்னும் பாதியை ஓட்டிவிட்டால் ரயில், வீடு, வெற்றி. அந்தத் தைரியத்தில்தான் நூலகத்துக்குப் பின்னால் இருந்த மிட்டாய்க் கடைக்கு நானே கூட்டிப்போனேன். கொட்டை பதித்த டாஃபி ஒன்றைப் பிரித்து, அன்போடு, என் வாயிலேயே ஊட்டினாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் எனக்கு ஊட்டியது அன்றுதான். மறுக்க மனசு வரவில்லை.

டாஃபி பல்லைப் பிடித்துக்கொண்டது. பல் உயிரைப் பிடித்துக்கொண்டது. மணிக்கூண்டு வாசல்வரை தாடையைக் கையில் ஏந்திக்கொண்டு நடந்தேன். முதல் படியில் காலை வைத்ததும் வலி காதுவரை ஏறியது.

"உங்கண்ணன் கிளினிக் இங்க பக்கத்துலதான?"

"இருக்கட்டுங்க. மணிக்கூண்டு பார்க்க வேணாமா?"

"மணி எனக்குத் தாடையிலயே அடிக்குது."

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. அண்ணன் லீவாச்சே."

"உன் அண்ணன்தானே. ஒரு போன் போட்டுப் பாரேன்."

"நீங்கதான் சொல்றீங்க. நான் சொல்லல."

மகளைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு போன் செய்தாள்.

கிளினிக் கதவு திறந்தே இருந்தது. விளக்கு எரிந்தது. மச்சான் கையுறையைப் போட்டுக்கொண்டு தயாராக நின்றார். தங்கை போன் செய்த உடனே லீவு நாளில் ஓடிவந்திருக்கிறாரே என்று நெகிழ்ந்துபோனேன். நாற்காலியில் சாய்ந்தேன். ஒன்றை மட்டும் நீங்கள் கவனிக்க வேண்டும். யாரும் என்னை இழுத்துவரவில்லை. நானாக முடிவெடுத்தேன், நானாக நடந்து வந்தேன், நானாகவே வாயையும் திறந்தேன்.

மச்சான் உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்ன மாப்ளே, அதுக்குள்ள வந்துட்டீங்க? இன்னும் ரெண்டு கடை தாங்குவீங்கன்னு தங்கச்சி போன வாரமே சொல்லியிருந்தாளே."