சம்பந்திக்குச் சொல்லாமல் பனியூர் போனது பற்றி

காஜா பெராங், மலாக்கா.
ஆனி மாதம், ஜப்பான் கணக்கில் 2603 (பழைய கணக்கில் 1943)

சகல சம்பத்தும் பெற்று, தற்சமயம் அடியேன் மேல் கோபமும் பெற்றிருக்கும் புக்கிட் பாரு சம்பந்தி சேதுபதி அவர்களுக்கு, மாணிக்கவாசகம் இரு கை கூப்பி எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும், என் மனைவி சிவகாமசுந்தரியும், தங்கள் வீட்டு மருமகளாக வரவேண்டிய சந்திரமதியும், கொல்லையில் நிற்கும் மரவள்ளிச் செடிகளும் சுகம். அவ்விடம் தங்கள் சுகத்தையும் சம்பந்தியம்மாள் பூங்காவனத்தின் சுகத்தையும், கோபம் எந்த அளவுக்குத் தணிந்திருக்கிறது என்பதையும் இதைக் கொண்டுவரும் தரகர் கணேசமூர்த்தியிடம் சொல்லியனுப்பக் கோருகிறேன்.

நேற்று அதே கணேசமூர்த்திதான் நிச்சயதார்த்தத் தட்டைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தார். "அண்ணே, நான் சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. ‘ஊருக்குப் போறவங்க சம்பந்தி வீட்ல ஒரு வார்த்த சொல்லிட்டுப் போவணும். பக்கத்து வீட்டம்மாவுக்கு எடம் இருக்கு, எங்களுக்கு இல்லியா? இந்தச் சம்பந்தமே வேணாம்’னு சொல்லச் சொன்னாரு" என்றார். அவர் போனபிறகு சந்திரமதி அந்தத் தட்டை எடுத்துப் போய்க் கிணற்றடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அதில் அழுக்கு ஒன்றும் இல்லை.

சம்பந்தி, நாங்கள் எந்த ஊருக்கும் போகவில்லை. டயருக்குப் பதில் கயிறு சுற்றிய சைக்கிளில் பக்கத்து ஊரான புக்கிட் காதில் வரைக்கும் போய்த் திரும்புவதே பெரும்பாடாக இருக்கிற காலத்தில் நான் குடும்பத்தோடு ஐரோப்பாவுக்குப் போவேனா? நடந்தது இவ்வளவுதான். நான் குமாஸ்தாவாக இருந்த இலாகாவில் வெள்ளைக்கார இஞ்சினீயர் துரை ஒருவர் ஜப்பான் சண்டை வந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அவர் விட்டுப்போன குப்பையில் ஒரு சின்னப் புத்தகம் கிடந்தது. ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே ஏதோ ஒரு பள்ளத்தாக்கு ஊரில் என்னென்ன பார்க்கலாம், என்னென்ன செய்யலாம் என்று எழுதிய புத்தகம். அந்த ஊரின் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை, ஆகவே பனியூர் என்று வைத்துக்கொண்டோம். அடுப்பெரிக்கத்தான் கொண்டுவந்தேன். ஆனால் புதிய அரசாங்கத்தாரின் கருணையால் இப்போது எல்லோருக்கும் ஓய்வு அதிகம். ரேடியோவுக்கு முத்திரை வைத்துவிட்டார்கள், அதைக் கேட்கிற தொந்தரவும் இல்லை. மரவள்ளிக்கிழங்கைத் தின்று முடிக்க அதிக நேரம் பிடிப்பதில்லை, அதற்குப் பிறகு பசியோடு உட்கார்ந்திருக்கத்தான் நிறைய நேரம் இருக்கிறது. ஒரு சாயங்காலம் அந்தப் புத்தகத்தைத் தமிழாக்கி வாசிக்க ஆரம்பித்தேன்.

முதல் பக்கத்தில் ரயிலிலிருந்து இறங்கிய உடனேயே சிவகாமசுந்தரி சண்டையைத் தொடங்கிவிட்டாள். "தனி அடுப்பு குடுக்காத ஓட்டல்ல நான் காலெடுத்து வைக்க மாட்டேன்" என்றாள். ஆற்றங்கரை ஓட்டல் இரண்டையும் விட்டுவிட்டு, மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு அறையைப் பிடித்தோம். மறுநாள் பல்சக்கர ரயிலில் மலையுச்சிக்குப் போவதாக ஏற்பாடு. ராகுகாலம் கழியட்டும் என்று அவள் வண்டியை நிறுத்திவைக்கச் சொன்னாள். ராகுகாலத்தைப் பழைய நேரத்தில் பார்ப்பதா, டோக்கியோ நேரத்தில் பார்ப்பதா என்று எங்களுக்குள் தகராறு முற்றி, வண்டி போயே போய்விட்டது. வெந்நீர் ஊற்றில் ஆணும் பெண்ணும் ஒன்றாகக் குளிக்கலாம் என்று போட்டிருந்த பக்கத்தை அவள் வாசிக்கவே விடவில்லை. "வெந்நீர்ல குளிக்கணும்னா நம்ம காடேக் ஊத்துக்கே போவலாமே, அதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்?" என்றாள். மரச்சிற்பக் காட்சிசாலையை இன்றுவரை நாங்கள் எட்டிப் பார்க்கவில்லை. தேவாலயத்துக்கு எதிரே இருக்கும் கேக்குக் கடைக்கு மட்டும் தினமும் போகிறோம். ஆப்பிளை வெண்ணெயில் வதக்கி, மாவில் பொதிந்து சுட்டு, மேலே பாலாடையை ஊற்றித் தருவார்களாம். "அத மட்டும் இன்னொரு தடவ படிங்கப்பா" என்பாள் சந்திரமதி. வயிறு நிறையச் சோறு தின்று மாதக்கணக்காகிவிட்ட பெண் அப்படிக் கேட்டால் நான் படிக்காமல் என்ன செய்வேன்?

எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் மீனாச்சி பீபிக். இந்தத் தெருவில் வயதான அம்மாக்களை அப்படித்தான் அழைப்பார்கள். பரம்பரை மலாக்கா செட்டிக் குடும்பம். சாமி நம் சாமி, பேச்சு மட்டும் மலாய். ராகுகாலச் சண்டையைக் கேட்டு, யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறி ஓடிவந்தார். பனிமலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருக்கிறோம் என்று மலாயில் விளக்கினேன். "சாயா பூன் மாவ் ஈக்கொட்" என்று சொல்லிப் பாயில் உட்கார்ந்துவிட்டார், தானும் கூட வருவதாக. வீடு தேடி வந்த பெரிய மனுஷியை ரயிலிலிருந்து இறக்கிவிட முடியுமா? அன்று முதல் சன்னலோர இடம் அவருக்குத்தான். வெள்ளைப் பனியில் வெற்றிலைச் சாற்றைத் துப்பாதீர்கள் என்று என் மனைவி சொல்லப்போக, பீபிக் ஒரு நாள் முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர்தான் ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையார் கோயிலில் சம்பந்தியம்மாளைப் பார்த்து, உங்கள் சம்பந்தி குடும்பத்தோடு நான் ரயிலேறி மலைக்குப் போய்வந்தேன் என்று பெருமையடித்திருக்கிறார். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை என்பது அவர் கட்சி.

இது வெறும் காகிதப் பயணம் என்று தெரிந்தால் தங்கள் கோபம் ஆறிவிடும் என்று நினைத்தேன். கணேசமூர்த்தி அதற்கும் வழி வைக்கவில்லை. "பொய்ப் பயணம்னு அவருக்கு நல்லாத் தெரியும்ணே. பொய்யாப் போனாலும் மொறன்னு ஒண்ணு இருக்குல்ல, அப்டின்றாரு." நிச்சயத்தன்று எங்கள் பாயசத்தில் சர்க்கரைக்குப் பதில் உப்பு விழுந்திருந்தும், முகம் சுளிக்காமல் இரண்டாம் தடவை வாங்கிக் குடித்தவர் தாங்கள். அப்படிப்பட்டவரையே கோபப்படுத்திவிட்டேன் என்றால் பிழை மிகவும் பெரிதாகத்தான் இருக்க வேண்டும்.

ஆகவே நாங்கள் எல்லோரும் பெட்டி படுக்கையோடு மலாக்காவுக்குத் திரும்பிவிட்டோம். போனது போகாததாகவே இருக்கட்டும். தாங்கள் நாள் பார்த்துச் சொன்னால் முதல் பக்கத்திலிருந்து மறுபடி புறப்படலாம். சன்னலோர இடம் தங்களுக்கு; பீபிக் பின்னால் உட்காரச் சம்மதித்துவிட்டார், அதற்கு நான் பட்ட பாட்டை எழுதினால் கடிதம் நீளும். சம்பந்தியம்மாளுக்குத் தனி அடுப்பு. மாப்பிள்ளை தேவதாஸ் கல்யாணத்துக்கு முன்னால் எங்களோடு வருவது முறையல்ல என்றால் அடுத்த வண்டியில் வரட்டும். தட்டை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். என் பெண் நேற்றிலிருந்து எந்தப் பக்கத்தையும் வாசிக்கச் சொல்லவில்லை. எனக்கு அதைத் தாங்க முடியவில்லை, சம்பந்தி.

பொய்யாத விநாயகர் தங்கள் குடும்பத்தை ஒரு குறையும் இல்லாமல் காத்து, கோபத்தில் மட்டும் கொஞ்சம் குறை வைக்க வேண்டுமாய்ப் பிரார்த்திக்கிறேன்.

தங்கள் சம்பந்தி என்று இன்னும் கையெழுத்துப் போடும்,
மாணிக்கவாசகம்

பின்குறிப்பு: மேலே எழுதியது அத்தனையையும் தள்ளிவிடுங்கள். கடிதத்தை மடிக்கிற நேரத்தில் உங்கள் மகன் வந்தான். உள்ளே கூப்பிட்டும் வராமல் வாசலிலேயே நின்றுகொண்டு, "மாமா, அப்பாவுக்கு ஒங்க மேல கோவமே இல்ல" என்றான். சயாம் ரயில் பாதை வேலைக்கு அவன் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டார்களாமே. அடுத்த வாரம் லாரி வருமாமே. "போனவங்க யாரும் திரும்பி வர்ல மாமா. அந்தப் புள்ள எதுக்குக் காலம் பூரா காத்துக் கெடக்கணும்னு அப்பா அழுதாரு. நெசத்தச் சொன்னா நீங்க சம்பந்தத்த விடமாட்டீங்கன்னுதான் சண்ட போட ஒரு சாக்குத் தேடிக்கிட்டிருந்தாரு. இது ஆப்புட்டுது." இவ்வளவு மோசமாகச் சண்டை போடத் தெரிந்தவரை நான் பார்த்ததே இல்லை, சம்பந்தி. உங்களை அற்பர் என்று நேற்று முழுக்க மனதில் திட்டிக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்ட சந்திரமதி, அவன் இருப்பதையும் பாராமல் வெளியே வந்து, "வெள்ளிக்கெழம கோயில்ல தாலி கட்டச் சொல்லுங்கப்பா. அப்புறம் இவர யாரு கொண்டுபோறாங்கன்னு நான் பாத்துக்கறேன்" என்றாள். அவனை ஒளித்து வைத்துக்கொள்ள ஓர் இடம் இருக்கிறது என்று மீனாச்சி பீபிக் நான் கேட்காமலே வேலியோரம் வந்து சொன்னார். எங்கே என்று எழுத மாட்டேன். இனி அவன் வீட்டுக்குத் திரும்ப மாட்டான், தேட வேண்டாம். அவனைத் தேடுகிறவர்கள் எங்கள் பக்கம் வராமலிருக்க, தெருவில் யார் கேட்டாலும் நமக்குள் ஜென்மப் பகை என்றே சொல்லிவையுங்கள். வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வரும்போதும் கோபமாகவே வாருங்கள். வந்தால் போதும்.