பின்வாசல் அண்ணாச்சியும் பதினான்காம் அறைக்காரரும்

உலகத்தில் எந்தக் கட்டடத்துக்குள்ளும் முன்வாசல் வழியாக நுழைந்தறியாத ஒரே மனிதர் எங்கள் பின்வாசல் அண்ணாச்சிதான். இலத்தூரில் பெண் பார்க்கப் போன அன்றும் சமையல்கட்டு வழியாகவே நுழைந்தாராம். பெண்ணின் அம்மா போட்ட அலறலில் வடைச்சட்டி கவிழ்ந்தது. அத்தோடு அவருடைய கல்யாணப் பேச்சும் கவிழ்ந்தது என்பார்கள். உண்மையா என்று கேட்டால், "வடை சரியா வேகல தம்பி" என்று மட்டும் சொல்வார்.

நான் அப்போது குற்றாலத்தில் ஒரு லாட்ஜின் வரவேற்பு மேசையில் இருந்தேன். சென்னையில் மென்பொருள் வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பிய அண்ணாச்சி, ஒரு சாரல் காலத்தில் கையில் மடிக்கணினியும் தலையில் துண்டுமாகச் சமையல்கட்டு வழியாக வந்தார். தோசைக்கல்லுக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவே ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். அதுதான் அவருடைய ஆபீஸ்.

"எந்தக் கம்பெனிக்கும் முன்வாசல் மனுசனுக்குல்லா? பின்வாசல் மிஷினுக்கு. ஒரு மிஷின் வந்து தட்டி, 'ரூம் இருக்கா'ன்னு கேக்கும். உள்ள இருக்க மிஷின் 'இருக்கு'ங்கும். ரெண்டும் மூஞ்சியே பாத்துக்கிடாது. இதுக்குப் பேருதாம்ல ஏபிஐ."

"தட்டுறது யாருன்னு பாக்க வேண்டாமா அண்ணாச்சி?"

"கட்டத்தையெல்லாம் ஒழுங்கா நிரப்பியிருந்தா போதும். ஆளு எதுக்கு?"

அன்றைக்கு அதைக் கேட்டுச் சிரித்தேன்.

அதுவரை எங்கள் தொழில் தொண்டையால் நடந்த தொழில். தென்காசி ரயில் நிலையத்தில் "ரூம் ரூம்" என்று கத்துவோம். நோட்டில் பென்சிலால் எழுதி ரப்பரால் அழிப்போம். ஒரே அறையை இரண்டு குடும்பங்களுக்குக் கொடுத்துவிட்டு இரண்டு மாமியார்களிடமும் வசை வாங்குவோம். அண்ணாச்சி வந்த இரண்டாவது சீசனில் அந்தச் சத்தமெல்லாம் அடங்கிப்போனது. பெங்களூரில் யாரோ ஒருவர் போனில் விரலை அழுத்துவார். எங்கள் திரையில் ஓர் அறை சிவப்பாகும். அந்த அறை தென்காசி ஆட்டோக்காரரின் போனைத் தட்டும், ஆட்டோ டீக்கடையைத் தட்டும், டீக்கடை அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் சுடலையின் போனைத் தட்டும். விருந்தாளி கதவுப் பெட்டியில் ரகசிய எண்ணை அழுத்திச் சாவி எடுத்துக்கொள்வார். என்னைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. மூடுபனி இறங்கும் காலைகளில் அந்த நீள வராந்தாவில் நிற்பேன். கதவுகள் திறக்கும், மூடும். யார் வந்தார், யார் போனார் என்று எனக்குத் தெரியாது. எல்லோரும் வந்து கொண்டும் போய்க் கொண்டும் இருந்தார்கள்.

பதினான்காம் அறைக்கு முத்து வந்தது அப்படித்தான். மாதக்கணக்கில் தங்கும் விருந்தாளி. வாடகை தேதி தவறாது. காலை ஐந்தரைக்குச் சீனி போடாத டீ வரும். கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போவார்கள். சற்று நேரத்தில் காலி கிளாஸ் மட்டும் நிற்கும். அறை பெருக்கும் அக்கா ஒருநாள் அதிசயத்தோடு சொன்னாள்: "படுத்த சொவடே இல்ல சார். தலகாணில ஒரு முடி கெடையாது. இவ்வளவு சுத்தமான ஆம்பளய நான் கண்டதே இல்ல."

சுடலையிடம் விசாரித்தேன்.

"முத்து சாரா? நெதம் மூணு மணிக்கு வருதாரே! இடது முட்டில வலி."

"ஆளு எப்படிடே இருப்பாரு?"

சுடலை யோசித்தான். "ஒருநாள் ஒல்லியா இருந்தாரு. நேத்து கொஞ்சம் குண்டு. ஆனா முட்டி அதே முட்டிதான்."

எனக்கு முதுகில் ஒரு ஈரம் ஏறியது. சாரல்தான் என்று சொல்லிக்கொண்டேன்.

ஆடி மாதத்தில் ஒருநாள் பிற்பகல் மூன்றரைக்கு மலைமேல் மேகம் உடைந்தது. அருவி நிறம் மாறி, மேலே கட்டியிருந்த பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கல்லும் மரக்கிளையுமாகக் கொட்டியது. விசில் ஊதிக் கூட்டத்தை விரட்டினார்கள். நனைந்த மழைக்கோட்டோடு ஒரு எஸ்.ஐ. அம்மா என் மேசைக்கு வந்தார்.

"ரூமுக்குத் திரும்பாதவங்க லிஸ்ட் குடுங்க, சீக்கிரம்."

என் மேசையில் அண்ணாச்சி வைத்துக்கொடுத்த திரை ஒரு நொடியில் பதில் சொன்னது. எல்லோரும் உள்ளே. ஒருவர் மட்டும் வெளியே. முத்து, அறை பதினான்கு. மூன்று மணிக்கு ஆட்டோ அருவிக்கரையில் இறக்கிவிட்டதாகப் பதிவு. திரும்பும் ஆட்டோவில் ஏறவில்லை.

செய்தி என்னைவிட வேகமாகக் கரைக்கு ஓடிவிட்டது. லாட்ஜ் வாசலிலிருந்தே கரை தெரியும்; நின்று பார்த்தேன். சுடலை இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். நாலு பேர் தடுத்தார்கள்.

"விடுங்கவே! அங்கன பாறை இடுக்குல ஒரு தலை தெரிஞ்சுது, நான் பாத்தேன். எங் கஸ்டமர்வே அவரு!"

எஸ்.ஐ. அம்மா திரையைக் கீழே தள்ளிக்கொண்டே போனார். "அவசரத்துக்குக் கூப்பிட ஒரு நம்பர் போட்ருக்கு. உறவு... தம்பி." தன் போனில் அழுத்தினார்.

என் சட்டைப் பையில் மணி அடித்தது.

எடுத்தேன். அவருடைய குரல் ஒரு காதில் நேராகவும் மறு காதில் போன் வழியாகவும் கேட்டது. "ஹலோ, முத்துவோட தம்பியா?" என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. அந்தக் கணத்தில் எனக்கே சந்தேகமாக இருந்தது. என் எண்ணை அந்தக் கட்டத்தில் எழுதியிருக்கக்கூடியவர் ஒருவர்தான் என்பது உறைத்ததும் சமையல்கட்டுக்கு ஓடினேன்.

அண்ணாச்சி ஸ்டூலில் வெளிறிப்போய் இருந்தார்.

"அண்ணாச்சி, முத்து யாரு?"

"சோதனைக்குப் போட்ட பேருலே அது. ஆளே கெடையாது. எல்லா வாசலும் தொறக்குதான்னு நெதம் காலையில ஒரு ஆள அனுப்பிப் பாக்கணும்லா? அதுக்கு எழுதுனது."

"வாடகை?"

"என் சம்பளத்துல. காசு போகாம சோதிச்சா அது சோதனையா?"

"டீ?"

"நாந்தான் குடிச்சேன்."

"பின்ன எந்திரிச்சு வாங்க! சுடலை தண்ணிக்குள்ள எறங்கப் போறான்!"

அவர் எழுந்திருக்கவில்லை. அருவி இருந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். லாட்ஜ் கேட்டதற்கு வயதைக் கொடுத்திருக்கிறார். சுடலை கேட்டதற்கு வலியை, டீக்கடை கேட்டதற்கு நாக்கை. ஒவ்வொரு கட்டமாக ஒரு மனிதனை ஊட்டி வளர்த்திருக்கிறார்.

"அவனுக்கு நீச்சல் தெரியாதுல்லா தம்பி," என்றார் மெல்ல. "நாந்தான 'தெரியாது'ன்னு போட்டேன்."

அவர் தோளில் கைபோட்டு இழுத்துக்கொண்டுதான் கரைக்குப் போனேன். சுடலை இடுப்பளவு இறங்கிவிட்டான். தண்ணீர் அவன் இடுப்பைப் பிடித்து ஒரு முறை சுழற்றியது. அண்ணாச்சி கயிற்றைப் பிடித்துக்கொண்டு, நான் அதற்கு முன்போ பின்போ கேட்டிராத குரலில் கத்தினார்.

"ஏலே சுடலை! ஏறி வாலே! முத்துன்னு ஒருத்தனே கெடையாது! நான் எழுதிப் போட்டவன்லே!"

ஆறு பேர் சேர்ந்து இழுத்தோம். கரையில் விழுந்த சுடலை வாயிலிருந்த தண்ணீரைத் துப்பிவிட்டு முதலில் கேட்டது இதுதான்: "அப்ப நான் இத்தனை நாளா யாரு முட்டியத் தேச்சேன்?"

எஸ்.ஐ. அம்மா அண்ணாச்சியை உட்கார வைத்து ஒரு மணி நேரம் திட்டினார். முதலாளி அதற்கு மேல் திட்டி, "அந்தாள அழிச்சிட்டு நீரும் கெளம்பும்வே" என்றார். அண்ணாச்சி திரைமுன் உட்கார்ந்தார். அழிப்பதற்கான பொத்தானை அவர் தொடவில்லை. 'அறையைக் காலி செய்தார்' என்பதை அழுத்தினார். பிறகு மடிக்கணினியைத் துண்டில் சுற்றிக்கொண்டார்.

"ஏன் அண்ணாச்சி, அந்தக் கட்டத்துல என் நம்பரப் போட்டீங்க?"

"அதக் காலியா விட்டா வாசல் தொறக்காதுலே. எனக்கு மனப்பாடமாத் தெரிஞ்ச நம்பர் அது ஒண்ணுதான்."

எங்கள் லாட்ஜில் முத்து காலி செய்துவிட்டார். மற்ற இடங்களில் அவர் காலி செய்யவில்லை. ஒரு வாசல் வழியாகப் போன விவரம் எத்தனை வீடுகளில் குடியேறியிருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? மறுநாள் காலை ஐந்தரைக்கும் டீ வந்தது. மாலைவரை ஆறிப்போய் அங்கேயே நின்றது. கார்த்திகையில் ஒரு பரோட்டாக் கடையிலிருந்து எனக்குச் செய்தி வந்தது: 'உங்கள் அண்ணன் முத்துவுக்கு இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்.' நன்றி என்று பதில் அனுப்பினேன்.

அண்ணாச்சி இப்போது செங்கோட்டைப் பக்கம் ஒரு மரக்கடையில் இருக்கிறார் என்று கேள்வி. அதற்கும் ஒரு பின்வாசல் இருக்கும்.

போன வாரம் தென்காசியில் ஆஸ்பத்திரிப் படிவம் ஒன்றை நிரப்பினேன். 'அவசரத்துக்கு யாரை அழைக்க வேண்டும்' என்ற கட்டம் வந்தபோது கை தானாக அண்ணாச்சியின் எண்ணை எழுதியது. என் வீட்டுக்காரிக்கு இது இன்னும் தெரியாது.