கடைசி எட்டு விநாடி

"இது என்ன ஹரிஷ்?"

"பூச்செண்டு மேடம்."

"யாரைக் கேட்டுப் பூச்செண்டு போட்ட?"

ஹரிஷ்குமார் டேப்போடு வந்த பழைய அட்டையை எடுத்துக் காட்டினான். 1987-இல் சேஷகிரி என்ற கர்நாடக அரசு இன்ஜினியர் ஆபீஸ் கம்ப்யூட்டரில் செய்த நாற்பது விநாடிக் குறும்படம் அது. கீழிருந்து ஒரு கோடு எழும்பும். நுனியில் ஒரு சின்ன வட்டம் வரும். அதோடு சரி, மிச்ச டேப்பைப் பூஞ்சை தின்றுவிட்டது. அந்த முடிவைப் புதிதாக வரைந்து சேர்ப்பதுதான் ஹரிஷின் வேலை. கடைசியில் என்ன வரும் என்பதற்கு அட்டைதான் சாட்சி. ‘லாஸ்ட் எய்ட் செகண்ட்ஸ், ஃபுல் ஸ்கிரீன் செண்டு’ என்று ஆங்கில எழுத்தில் இருந்தது.

"செண்டுன்னு போட்டிருக்கே மேடம்."

"ஐயோ! கன்னடத்துல செண்டுன்னா பந்துப்பா! அந்தக் கோடு பந்து மேல போற வழி!"

ஆம்பூரிலிருந்து பெங்களூரு வந்து ஆறே மாதம் ஆன ஹரிஷுக்கு அது தெரிந்திருக்கவில்லை. அந்த ஆறு மாத ப்ரொபேஷனும் இன்றோடு முடிகிறது. கையெழுத்துப் போட வேண்டியவள் இந்த மேடம், தீபிகா. சேஷகிரியை முன்பே கேட்டிருக்கலாம் என்றால், அமெரிக்காவில் மகள் வீட்டிலிருந்து இன்று காலைதான் வந்து இறங்கியிருக்கிறார். அடுகோடி ஸ்டூடியோவின் குட்டித் தியேட்டரில் அரை மணியில் படம்.

"இருபது நிமிஷத்துல பந்தாக்கு" என்று சொல்லிவிட்டு, சேஷகிரியை வரவேற்க வாசலுக்கு ஓடினாள் தீபிகா.

ஹரிஷ் பூக்களை அழித்தான். காம்புகள் மட்டும் நின்றன. திரை முழுக்க ஒரு விளக்குமாறு.

பதறிப்போய் அதன் தலையில் ஒரு வட்டத்தை வைத்தான். இப்போது அது கொழுக்கட்டையைக் குத்திய விளக்குமாறு. எல்லாவற்றையும் அழித்துவிட்டு வெறும் பந்தாக வரையப் போனான். கம்ப்யூட்டர் உறைந்து நின்றது. நல்ல வார்த்தை சொல்லிப் பார்த்தான், தட்டிப் பார்த்தான். அசையவில்லை.

உள்ளே விளக்கு அணைந்தது. ப்ரொஜெக்டர் அறைக்கு ஓடினான்.

"நோயல், போடாத!"

"போட்டாச்சு குரு. காலைல நீ குடுத்த ஃபைல்தான்."

திரையில் கோடு எழுந்தது. வட்டம் வந்தது. அடுத்து அரங்கம் பார்க்கப் பார்க்க வட்டம் விரிந்து, இதழ் இதழாகப் பிரிந்து, பூச்செண்டாகத் திரையை நிறைத்தது. ஹரிஷ் மனதுக்குள் ஆம்பூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டான்.

விளக்கு எரிந்தது. முன் வரிசையிலிருந்து சேஷகிரி எழுந்தார். "யார் இதை முடிச்சது?"

தீபிகா விரலை நீட்டினாள். ஹரிஷ் முன்னால் வந்தான். "தப்பாயிடுச்சு சார். பந்துன்னு தெரியாம..."

"பந்துன்னு யார் சொன்னா? வீட்ல நாங்க தமிழ்தானேப்பா!" அவர் இவன் கையைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. "அன்னிக்கு இதழ் போட அந்த மெஷின்ல மெமரி பத்தலை. பெரிய வட்டத்தோட விட்டுட்டேன்."

ஹரிஷுக்கு அப்பாடா என்று மூச்சு வந்தது. தீபிகா அவனைப் பார்த்துச் சிரித்தபடியே பேனாவைத் தேடினாள்.

முன் வரிசையில் உட்கார்ந்திருந்த சேஷகிரியின் மனைவி அலர்மேல்மங்கை, மெல்ல எழுந்து கணவர் பக்கம் திரும்பினார்.

"ஏன்னா, அப்போ பொண்ணு பார்க்க வந்தன்னிக்கு, ‘இது உனக்காகப் பண்ணினது’ன்னு நீங்க போட்டுக் காட்டின அந்தப் பெரிய வட்டம், நான் குண்டா இருக்கேன்னு சொல்லிக் காட்டறதுக்கு இல்லையா?"